ஒரு துண்டு காந்தல்

"ஹலோ... குடையை மடக்கறதுக்கு முன்னாடி, பின்னாடி யார் நிக்கறாங்கன்னு பார்க்க மாட்டீங்களா?"

சங்கமித்ரா சட்டெனத் திரும்பினாள். குரலுக்கு உரியவனின் முகம் முழுக்க அவள் குடையிலிருந்து தெறித்த தண்ணீர். மூக்குக் கண்ணாடியில் துளித் துளியாக மழை. அவன் கண்ணாடியைக் கழற்றி நனைந்த சட்டையிலேயே துடைத்தான்.

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

அல்சூர்ப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் பார்வைப் பரிசோதனை செய்வது அவள் வேலை. காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் கண்களுக்குள் விளக்கடித்துப் பார்ப்பவள். கண் என்றால் அவளுக்கு விழித்திரை, நரம்பு, பவர்... அவ்வளவுதான். ஆனால் இந்தக் கண்கள்... மழை பெய்து முடித்த மதியம் போல, ஈரமும் வெளிச்சமும் ஒன்றாக...

'சீ... என்ன இது' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"ஈரத் துணியில துடைச்சா இன்னும் மங்கும். கோடு வேற விழும்" என்றாள் விறைப்பாக.

"தண்ணியும் நீங்களே ஊத்துவீங்க, அட்வைசும் நீங்களே குடுப்பீங்களா? நல்லாருக்குங்க உங்க நியாயம்!"

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளாமல் கதவைத் தள்ளினாள்.

குக் டவுன் சந்து ஒன்றில் இருக்கும் 'அனார்' சின்னக் கடை. பாரசீக மொழியில் மாதுளைக்கு அதுதான் பெயராம். ஈரானிலிருந்து படிக்க வந்து, பெங்களூரு பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்ட பர்வீஸ் நடத்துவது. பர்ஸைப் பயமுறுத்தாத விலை, வாய்க்கு ருசியான சாப்பாடு என்று ஊரே சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கூட வேலை செய்யும் சோனியாதான் சங்கமித்ராவை வரச் சொன்னாள். இப்போது போனில், "மழையில மாட்டிக்கிட்டேன்டி... நீ சாப்பிட்டுப் போ" என்கிறாள்!

உள்ளே ஒரே ஒரு மேசை காலி. அவளும் அந்தக் கண்ணாடிக்காரனும் ஒரே சமயத்தில் அதன்மேல் கை வைத்தார்கள்.

"நான்தான் முதல்ல வந்தேன்" என்றாள்.

"என் முகத்துல தண்ணி அடிச்சுத் தள்ளிட்டு வந்தீங்க. அது கணக்குல வராதுங்க."

கல்லாவிலிருந்து பர்வீஸ் ஓடி வந்தார். நரைத்த மீசை, பெரிய தொப்பை, ஊரிலுள்ள எல்லா மொழியும் கலந்த பேச்சு. "மேடம் ஒண்ணு, நம்ம டென்சில் ஒண்ணு. டேபிள் ஒண்ணேதான். பைட்டியே, பைட்டியே... உக்காருங்க, நோ ஃபைட்!"

சங்கமித்ரா தயங்கினாள். ஜோகுபாளையத்தில் உதயா மாஸ்டர் வீடு என்றால் ஒரு மரியாதை உண்டு. ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார். இன்றைக்கும் முதுகு வளையாமல் நடப்பவர். அந்த வீட்டுப் பெண் முன்பின் தெரியாத ஓர் ஆணோடு ஒரே மேசையில் உட்காருவதா? ஆனால் வெளியே மழை... உள்ளே பசி... நாற்காலியை நன்றாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு, பையை மேசை நடுவே எல்லைக்கல் மாதிரி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பார்டரா?" என்றான் டென்சில், பையைப் பார்த்து.

"ஆமா. தாண்டக் கூடாது."

"விசா எங்க கிடைக்கும்?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்படியும் கன்னக்குழி காட்டிக் கொடுத்துவிட்டது.

ஆஸ்டின் டவுனில் வீடு, ஹெப்பகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் இன்ஜினியர் என்று அவனே சொன்னான். மெனு அட்டையில் அவள் திணறுவதைப் பார்த்து உதவியும் செய்தான். "சேலோ கபாப் சொல்லுங்க. வெள்ளைச் சோறு, மேல வெண்ணெய், சுட்ட தக்காளி, கபாப். தொட்டுக்க ஒரு சிவப்புப் பொடி குடுப்பாங்க, புளிப்பா இருக்கும். குடிக்க தூக்... நம்ம மோர்தான், புதினா போட்டது."

"ரொம்ப வருஷமா வர்றீங்களா?"

"வாரம் தவறினாலும் நான் தவற மாட்டேன்."

சொல்லும்போது அவன் கண்களைச் சுருக்குவதைக் கவனித்தாள். "உங்களுக்குப் பவர் ஏறியிருக்கு. கண்ணாடி மாத்தணும்."

"அப்படியா? கிட்ட இருக்கறது நல்லாவே தெரியுதுங்க..."

வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் மழை கோடு கோடாக வழிந்தது. காது மட்டும் ஏன் இப்படிச் சுடுகிறது? அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், டென்சில் பர்வீஸை அருகே அழைத்து உருதுவில் ஏதோ கிசுகிசுத்தான். பர்வீஸ் வாயைப் பிளந்தார். பிறகு பெரிதாகச் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.

தட்டுகள் வந்தன.

அவன் தட்டில் மல்லிகை மொட்டுபோல் உதிர் உதிரான சோறு. அவள் தட்டிலும் அதேதான்... ஆனால் அதன் மேல், சட்டியின் அடியிலிருந்து பெயர்த்தெடுத்த ஒரு துண்டு. முறுகிப்போய், ஓரம் கருத்து, சோறு சோறாக ஒட்டிக் கெட்டியான காந்தல்.

"இது என்ன?"

"அதுவா? சட்டி அடியில பிடிச்சது" என்றான் டென்சில் முகமெல்லாம் சிரிப்பாக. "சாப்பிட்டுப் பாருங்க, செமையா இருக்கும்."

சங்கமித்ராவின் முகத்தில் ரத்தம் வற்றியது.

அவளுடைய தாத்தா சின்னப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் பாறை உடைத்தவர். ஒருமுறை அதிகாரி பங்களாவில் விருந்து என்று பந்தல் போட அழைத்துப் போனார்கள். பகலெல்லாம் வேலை வாங்கிவிட்டு, எல்லோரும் தின்று முடித்தபின், பின்வாசலில் அவரை உட்கார வைத்து அண்டாவின் அடியைச் சுரண்டித் தட்டில் போட்டார்கள். பசியோடிருந்த மனிதர் தட்டைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நடந்தார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் அடிப்பிடித்த சோற்றை யாரும் தொடுவதில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவிக் கொட்டிவிடுவார்கள். அரை வயிறு நிரம்பாத நாட்களில்கூட அந்தக் கட்டுப்பாடு தளர்ந்ததில்லை. அந்த வீட்டின் முதுகெலும்பே அதுதான்.

எழுந்தாள்.

"எங்களைப் பார்த்தா சுரண்டிப் போட்டதைத் தின்னறவங்க மாதிரி இருக்கா உங்களுக்கு?"

"ஐயோ... இல்லைங்க, நான்..."

"உங்க தட்டுல நல்ல சோறு. என் தட்டுல காந்தல். அதைச் சிரிச்சுக்கிட்டே வேற சொல்றீங்க!"

தொடாத சாப்பாட்டுக்கும் கல்லாவில் பணத்தை வைத்துவிட்டு வெளியேறினாள். "மேடம், குடை... உங்க குடை!" என்று அவன் குரல் துரத்தியது. திரும்பவில்லை. நிமிர்ந்த தலையோடு மழையில் நடந்தாள். முகத்தில் வழிந்ததில் எது மழை, எது கண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டி "கீழ் வரியைப் படிங்க" என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கண்கள் வந்து நின்றன. கோபம் வந்தது. அவமானப்படுத்தியவனை நினைக்கிறோமே என்று தன்மேலேயே இன்னும் கோபம் வந்தது. அவன் நல்லவனாக இருந்திருக்கக் கூடாதா...

சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்து போகும் மகளை உதயா மாஸ்டர் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"என்னா விஷயம்? சொல்லு."

"ஒண்ணுமில்ல நைனா."

"பொய் சொல்றப்ப நீ காலைப் பாப்ப. என் மூஞ்சிய பாத்து சொல்லு."

சொன்னாள். அந்தக் கண்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் நெற்றி நரம்பு புடைத்தது.

"என் பொண்ணு தட்டுல காந்தலா? ஞாயித்துக்கெழமை கெளம்பு. எந்தக் கடை, எவன்னு நான் பாக்கறேன்."

குடும்பத்து மானம் என்பது ஒருவர் காத்து இன்னொருவர் கைவிடும் பொருளல்ல. மறுபேச்சில்லாமல் கிளம்பினாள். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு மூலை மட்டும், 'அவன் அங்கே இருக்கக் கூடாது' என்றும், 'இருக்கணும்' என்றும் மாறி மாறி அடித்துக்கொண்டது.

இருந்தான். அதே மேசை. அவன் மடியில் அவள் குடை. இவர்களைக் கண்டதும் நாற்காலி சாய எழுந்தான்.

"நீதானா தம்பி அது?" மாஸ்டரின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "உங்க வீட்டுல விருந்தாளிக்கு சட்டிய சுரண்டித்தான் போடுவீங்களா? எங்கப்பா தங்கவயல் சுரங்கத்துக்காரரு. ஒருத்தன் இப்படிப் போட்டான்னு தட்டை கவுத்துட்டு வந்தவரு. அவர் பேத்திக்கே போட்டிருக்க நீ!"

டென்சிலின் முகம் வெளுத்தது. "சார்... நானும் தங்கவயல்தான். எங்க தாத்தா நந்திதுர்க் சுரங்கத்துல வேலை பார்த்தவரு. இந்தக் காந்தல்னா நம்ம ஜனத்துக்கு என்னான்னு வேற யாருக்குத் தெரியலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சொல்லாம வெச்சது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் பக்கத்து மேசையில் ஆரவாரம். ஈரானிய மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, பர்வீஸ் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியோடு வந்தார். பெரிய தாம்பாளத்தில் அதை ஒரே வீச்சில் கவிழ்த்தார். சட்டியைத் தூக்கியதும்... அடி மேலாக, பொன் வார்த்தது போல, குங்குமப்பூ மினுங்க, முழு வட்டமாக ஒரு காந்தல்! மாணவர்கள் கைதட்டினார்கள். "எனக்கு, எனக்கு" என்று தட்டுகளை நீட்டி ஒருவரை ஒருவர் இடித்தார்கள்.

பர்வீஸ் முதல் துண்டை வெட்டினார். கடைக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நரைத்த தலையோடு நிமிர்ந்து நின்ற மாஸ்டர் அவர் கண்ணில் பட்டார். நீண்டிருந்த அத்தனை தட்டுகளையும் தாண்டி வந்து, துண்டை ஒரு தட்டில் வைத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். பிறகு வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை வணங்கினார்.

"பெரியவங்க முதல்ல சார். எங்க ஊர்ல இதுதான் மரியாதை. இந்தக் காந்தல், எங்க பாஷையில தஹ்திக், ஒரு சட்டிக்கு ஒண்ணுதான். வீட்டுல இதுக்கு அண்ணன் தம்பி சண்டையே நடக்கும்."

மாணவர்கள் ஏக்கத்தோடு அந்தத் தட்டையே பார்த்தார்கள்.

வணக்கம் என்றால் என்ன என்று மாஸ்டருக்குத் தெரியும். எத்தனையோ அணிவகுப்புகளில் வாங்கியவர், கொடுத்தவர். எது ஒப்புக்கு, எது மனதார என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். தட்டை வாங்கினார். ஆனால் கை வாய்க்குப் போகவில்லை.

பர்வீஸ் சங்கமித்ராவிடம் திரும்பினார். "மேடம், இந்தப் பைத்தியம் இருக்கானே டென்சில்... சண்டே சண்டே வர்றதே இதுக்குத்தான். முன்னாடியே சொல்லி வெச்சுடுவான். சொந்தத் தம்பிக்கே குடுக்க மாட்டான், ஒளிச்சு வெச்சுத் தின்னுவான்! போன வாரம் காதுல சொல்றான், 'என் பங்கை அவங்களுக்கு வெச்சிடுங்க'ன்னு. எனக்கு ஹார்ட்டே நின்னு போச்சு. ஒரு வாரமா வேலை முடிஞ்சு டெய்லி வர்றான். குடையை மடியில வெச்சுட்டு டோரையே பார்த்துட்டு இருக்கான்."

"பர்வீஸ் பாய்... போதும்..." என்று டென்சில் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் தட்டில் அன்று காந்தல் இல்லாததன் காரணம் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தனக்கு மிகப் பிடித்ததை... முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு வந்த ஒருத்திக்கு...

தகப்பனைப் பார்த்தாள். அவர் இன்னும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா... தாத்தா கவுத்து வெச்சது சோத்தை இல்ல. அவங்க போட்ட விதத்தை."

சொல்லிவிட்டு, அந்தத் துண்டின் ஓரத்தை ஒடித்து வாயில் போட்டாள். மொறுக்கென்ற சத்தம் மூவருக்கும் கேட்டது. வெண்ணெயும் உப்பும் லேசான கசப்புமாக, கரைந்து போனது.

மாஸ்டர் வெகுநேரம் மகளின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் கீழே குனியவில்லை. பிறகு அவரும் ஒரு துண்டு ஒடித்தார். மென்றார்.

"நந்திதுர்க்குனா... எந்த லைன் வீடு தம்பி?"

"கோவில் பக்கம், கடைசி லைன் சார். தாத்தா பேரு கிளெமென்ட். கொம்பு மீசை வெச்சிருப்பாரு."

"மீசைக்காரர் கிளெமென்ட்டா! எங்கப்பாவோட ஒரே ஷிப்ட்டுல கீழ இறங்கினவரு!" முறைப்பில் ஒரு சுருக்கம் தளர்ந்தது. உடனே நிமிர்ந்து அதை மறைத்துக்கொண்டார். பர்வீஸைப் பார்த்து, "ஏம்பா, இதுல இன்னொரு துண்டு பார்சல் கட்டித் தருவியா? எங்கப்பா போட்டோ முன்னாடி வைக்கணும். இவ்வளவு நாள் கழிச்சு ஒருத்தன் ஒழுங்கா குடுத்திருக்கான்னு அவருக்கும் தெரியட்டும்" என்றார். பர்வீஸின் பின்னாலேயே கல்லாவுக்குப் போனார்.

மேசையில் இருவர் மட்டும். வெளியே மறுபடியும் தூறல்.

டென்சில் குடையை நீட்டினான். "உலர்த்தி மடிச்சு வெச்சிருக்கேன்."

"ம்..."

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க. அன்னைக்கு நீங்க மழையைப் பார்த்துட்டு இருந்தீங்க. நான் உங்களைப் பார்த்துட்டு இருந்தேன். எனக்குப் பிடிச்சதையெல்லாம் உங்களுக்குக் குடுத்துடணும்னு தோணிச்சு. முதல்ல கைக்குக் கிடைச்சது அதுதான்..."

மேசை நடுவே அவள் பை இருந்தது. அவள் அதை எடுத்து மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

"பவர் ஏறியிருக்குன்னு சொன்னீங்களே. கிளினிக்குக்கு எப்ப வரட்டும்?" என்றான், பயந்து பயந்து.

"கிளினிக்குக்கு வேணாம்."

அவன் முகம் வாடியது.

"வீட்டுக்கு வாங்க" என்றாள். இமைகள் தாழ்ந்தன, குரல் தாழவில்லை. "ஜோகுபாளையம். உதயா மாஸ்டர் வீடுன்னா யாரு வேணா காட்டுவாங்க. உங்க அம்மா அப்பாவைக் கூட்டிட்டு முன்வாசல் வழியா வந்து நைனாகிட்ட கேளுங்க. அவர் என்கிட்ட கேட்டா என்ன சொல்லணும்னு... நான் அன்னைக்கு மழையில நடக்கறப்பவே தெரிஞ்சு வெச்சிருந்தேன். அதான் அவ்வளவு அழுதேன்."

கல்லாப் பக்கமிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. "நல்லா இறுக்கிக் கட்டுப்பா, உடைஞ்சிடப் போகுது!"

நைனா மேசையில் வைத்துவிட்டுப் போன தட்டில் மிச்சமிருந்த கடைசித் துண்டை எடுத்து, டென்சிலின் முன்னால் இருந்த தட்டில் சங்கமித்ரா இரண்டு கைகளாலும் வைத்தாள்.

"சாப்பிடுங்க... இது என் பங்கு."