மேற்கு வார்டில் யாரும் சாகவில்லை

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஓக்பூன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காலமெல்லாம் நர்ஸாக நடந்த தாழ்வாரம். கொரிய மலைகளுக்கு நடுவே இருந்த அந்த நிலக்கரி ஊரில், சுரங்கத் தொழிலாளிகளின் மனைவிமார் ஆற்றுக் கல்லைத் தலையில் சுமந்து வந்து கட்டிய கட்டடம். மூடப்போகிறார்கள். முன்கூடத்தில் அதன் வரலாற்றைப் பெரிய பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

ஒரு வரியில் அவள் கண் நின்றது.

'சுரங்க விபத்தன்று ஒரு உயிர்கூடப் போகவில்லை.'

அன்று நச்சுப்புகையில் மாட்டி வந்தவர்களில் அவள் கணவன் தோக்சுவும் ஒருவன். தலைநகரிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். புகையில் மாட்டியவர்களின் இருமல் அதிகாரிகள் காதில் விழக்கூடாதென்று அவர்கள் எல்லாரும் கிடந்த மேற்கு வார்டைப் பூட்டச் சொன்னார் ஆஸ்பத்திரி இயக்குநர். ஓக்பூனைப் பூச்செண்டோடு வாசலில் நிறுத்தினார்கள். சாயங்காலம் கதவைத் திறந்தபோது இருமல் அடங்கியிருந்தது.

அந்த இயக்குநரின் மகன் பியோ இப்போது இங்கே நிர்வாகி. பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வரியை எடுங்க."

"பழசைக் கிளறாதீங்க நர்ஸம்மா. அப்பா பேரு கெட்டுடும்."

"உங்கப்பாவுக்குப் பேரு வேணும். என் வீட்டுக்காரருக்குச் சாவுகூடக் கிடையாதா?"

அப்போது மேற்கு வார்டுக்குள் யாரோ இருமினார்கள்.

பிறகு இன்னொருவர்.

தாழ்வாரத்தில் கரிப்புகை நாற்றம் பரவியது.

"எலியா இருக்கும்" என்றார் பியோ.

"எலி இருமுமா?"

எரிச்சலோடு போய்ப் பூட்டைத் திறந்தார். "நீங்களே பாருங்க, காலி" என்றபடி உள்ளே நுழைந்தார்.

கதவு அறைந்து மூடியது.

"நர்ஸம்மா, திறங்க... இங்க யாரோ படுத்திருக்காங்க."

பேசாமல் போய்விடலாமென்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஆனால் அவர் இருமத் தொடங்கியதும் கை தானாகக் கைப்பிடியைப் பற்றியது. இழுத்தாள். உள்ளிருந்து இழுத்தது ஒரு கை அல்ல, பல கைகள்.

கதவில் வாயை வைத்து மெல்லச் சொன்னாள்:

"என்னங்க, விட்டுடுங்க. இவன் அப்பன் இல்ல, மகன்."

தோக்சுவின் குரல் மிக அருகில் கேட்டது.

"நாங்க சாகலையாமே?"

ஓக்பூன் திரும்பி நடந்தாள். பலகையை இரண்டு கையாலும் பிடுங்கித் தரையில் அடித்தாள். உடையும்வரை அடித்தாள்.

கதவு திறந்தது. பியோ தவழ்ந்து வந்தார். வாயோரம் கரி வழிந்தது.

கட்டடத்தை இடித்துச் சமப்படுத்தினார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஊர் முழுக்க முழங்கால் அளவு பனி கொட்டியது. மேற்கு வார்டு இருந்த இடத்தில் மட்டும், வரிசை வரிசையாக, ஆள் படுக்கும் நீளத்துக்குத் தரை காய்ந்து கிடந்தது.

தொட்டால் சுட்டது.