நான்காவது தோள்

சேரன்மகாதேவியைத் தாண்டி, ஆற்றை ஒட்டிப் போகும் மண்சாலையின் கடைசியில் இருந்தது அந்த வைத்தியசாலை. பழைய ஓட்டு வீடு. நாங்கள் போய் இறங்கியபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. முற்றத்தில் கைக்கும் காலுக்கும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய சனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் வாடை தெரு வரைக்கும் வந்தது.

என் வீட்டுக்காரர் மணிராஜ் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மாதிரி இருக்கும் பார்க்க. கை அப்படி இருந்தால்தான் வலி கொஞ்சம் அடங்குகிறதாம். கழுத்து நரம்பு அழுத்தினால் சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்று பாளையங்கோட்டையில் டாக்டரும் சொன்னார். நல்ல மனுஷன், பொறுமையாகத்தான் பார்த்தார். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. படத்தில் ஒன்றும் இல்லை. மாத்திரைக்கும் வலி மசியவில்லை.

எங்களுக்குச் சோறு போடுவது ஒரு குட்டியானை லோடு வண்டி. அதை ஆடியிலிருந்து அவர் கூட்டாளி சங்கர்தான் ஓட்டினான்; அன்றைக்கும் அவன்தான் எங்களைக் கூட்டி வந்திருந்தான். அரிசி மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிப்போட்ட ஆள், சோற்றை இடது கையால் அள்ளினார். படுத்தால் வலி என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். எங்கள் மகள் செல்வி இரண்டாங்கிளாஸ். கோயில் கொடை பார்க்க அப்பா தோளில்தான் ஏறுவாள். ஒருநாள் பிள்ளை அந்தத் தோளில் கை வைத்ததற்கு இவர் போட்ட சத்தத்தில், வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் வளவே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து அவள் கிட்டே வரவில்லை. இந்த மனுஷன் எனக்கு முழுசாகத் திரும்பக் கிடைத்தால் போதும் என்றுதான் நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன்.

வைத்தியர் பெயர் வேதநாயகம். வருகிற எல்லோரிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கையைத் தாங்கிப் பிடித்து, "விரச்சுக்கிட்டு நிக்காதீரும், பாரத்த எம்மேல விடும்" என்பார். நோயாளி உடம்பைத் தளர்த்துகிற நேரம் பார்த்து மூட்டை ஒரு சுண்டு சுண்டுவார். அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

எங்கள் முறை வந்தது. வைத்தியர் இவர் கையைத் தாங்கிப் பிடித்தார்.

"பாரத்த எம்மேல விடும் வே."

வைத்தியரின் வலது தோள் சட்டென்று கீழே இறங்கியது.

அவர் கையை உதறிவிட்டுப் பின்னால் போனார். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. எங்கிருந்தோ செவ்வந்திப்பூ வாசனை வந்தது, கூடவே ஊதுபத்திப் புகை. சாவு விழுந்த துட்டி வீட்டு வாசனை. முற்றத்தில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு சாவுக்குத் தோள் குடுத்தீரு?" என்று பைய கேட்டார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன். எங்கள் வளவில் கடைசி வீட்டில் வன்னியராஜ் அண்ணாச்சி என்று ஒருத்தர் இருந்தார். ஒண்டிக்கட்டை. ஆடியில் செத்துப்போனார். சொந்தம் என்று யாரும் இல்லாததால் வளவு ஆம்பிளைகள் நாலு பேர் பாடையைத் தூக்கினார்கள். அதில் இவரும் ஒருத்தர், சங்கரும் ஒருத்தன்.

"நான் முழுசாத் தூக்கல வைத்தியரையா" என்றார் இவர். தலை குனிந்தே இருந்தது. "பாதி வழியில லோடுக்காரர்ட்ட இருந்து போன் வந்துச்சு. லோடு ஏத்த இப்பமே வரலன்னா வேற வண்டி பிடிச்சிருவேன்னாரு. யாராவது தோள் மாத்துங்கலேன்னேன். பின்னால ஒருத்தர், நான் பிடிச்சுக்கிடுதேன் நீ போன்னாரு. பாரம் விட்டுச்சு. வந்துட்டேன்."

சங்கர் அவரையே பார்த்தான். "என்னலே சொல்லுத? நீ எங்கன போன? சுடுகாடு வரைக்கும் எம் பக்கத்துலதான வந்த. இறக்கி வச்சுட்டுத் திரும்புதேன், அப்பதான் ஆளக் காணோம்."



வைத்தியர் குடத்துத் தண்ணீரை எடுத்துக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "நான் எலும்பு பாக்கவன். இது எலும்பு இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "தாயி, பாரத்த விடுன்னு நான் சொன்னதும் அது எங்கிட்ட வரப் பாத்துச்சு. வாயால கேட்டா வரும் போல. வீட்டுல யாரும் அப்படிக் கேட்டுராதிய."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மிச்ச நோயாளிகளும் எழுந்து போனார்கள்.

திரும்பும் வழியில் சுடுகாட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார் இவர். "தூக்குனத இறக்கலல்லா. இறக்கிட்டு வந்துருதேன்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

உச்சி வெயில். ஆற்றங்கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. மருத மரங்கள் அசையாமல் நின்றன. தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டது. பழைய சாம்பல் கிடந்த இடத்துக்குப் போய் இவர் முழங்காலை மடக்கிக் குனிந்தார்.

நிமிர்ந்தார்.

மறுபடியும் குனிந்தார். முகமெல்லாம் வேர்வை. யாரோ முடியைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி மறுபடியும் நிமிர்ந்தார்.

"இறக்குங்களேன்" என்றேன்.

"நான் மட்டும் குனிஞ்சா எப்படிட்டி இறங்கும்?" அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "மத்த மூணு பேரும் குனிய மாட்டேங்காவ."

அவருக்குப் பின்னால் பார்த்தேன். வெறும் மணல்.

அவருக்கு இடப்பக்கம், ஓர் ஆள் தள்ளி, அந்த மணல் பைய அமுங்கியது.

சங்கர் வண்டியைப் பார்த்து ஓடினான். நான் ஓடவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் விட்டுவிட்டு எங்கே ஓடுவது? எங்கள் பக்கம் பொம்பளைகள் பாடைக்குத் தோள் கொடுப்பதில்லை, சுடுகாட்டுக்கே வருவதில்லை. வழக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் என் மனுஷன் அங்கேயே நின்று காய்ந்திருப்பார்.

"பாரத்த எங்கிட்ட விடுங்க."

"வேண்டாம்ட்டி."

"நீங்க விட்டாத்தான் எனக்கு வரும். விடுங்க."

அவர் அழுதார். விட்டுவிட்டார்.

பச்சை மூங்கில். கணு என் கழுத்தோரம் வந்து குத்தியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டி என் ரவிக்கை நனைந்தது. பார்த்தால் ரவிக்கை காய்ந்துதான் இருந்தது. என் வலது கை தானாக மேலே போய்ப் பிடித்துக்கொண்டது. இவர் இரண்டு கையையும் ஆட்டிப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி.

அன்றிலிருந்து அவர் வண்டி ஓட்டினார். வலி என்னிடம் வந்துவிட்டது. ஆனால் வலியைக்கூடப் பொறுத்துவிடலாம். அதைவிடப் பெரிய தொல்லை, எங்கே பாரத்தைக் கேட்டுவிடுவார்களோ என்று பாசமாக யார் வந்தாலும் விரட்ட வேண்டியிருந்தது. 'என்னக்கா, தோள் வலியா' என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் எரிந்து விழுந்தேன். திருப்பிக் கொடு என்று இவர் தினமும் கெஞ்சினார். பாரத்தை விடு என்கிற வார்த்தையை மட்டும் நான் சொல்லவே விடவில்லை. செல்வியைத்தான் அதிகம் விரட்டினேன். அம்மாவுக்கு வலியே இல்லை, கிட்ட வராதே, தள்ளிப்படு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கு எம்மேல பாசமே இல்லை என்று பிள்ளை அழுதது. அழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இவர் லோடுக்குப் போயிருந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நான் அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது பாயில் மல்லாந்து கிடந்தேன். தலைக்கு அடியில் யாரோ தலையணை வைத்திருந்தார்கள். வலது கை பாயில் கிடந்தது.

தோள் வலிக்கவில்லை.

"செல்வி" என்று கூப்பிட்டேன்.

பிள்ளை வீட்டில் இல்லை. வீடு முழுக்கச் செவ்வந்திப்பூ வாசனை.

தூங்கும்போது பிள்ளை காதோரம் வந்து என்ன கேட்டாளோ, நான் தூக்கத்தில் என்ன முனகினேனோ, எனக்குத் தெரியாது. விழுந்தடித்து வெளியே ஓடினேன். வளவு வாசலில் வெயிலில் நின்றிருந்தாள். வலது கை தோளுக்கு மேலே. விரல்கள் எதையோ சுற்றிப் பிடித்திருந்தன. கூடத் தூக்குகிற மற்ற மூன்று பேரும் உயரம் போல. எட்டாமல், நுனிக்காலில் நின்றாள்.

நான் அவள் முன்னால் மண்டி போட்டேன். "பாரத்த அம்மாட்ட விடு, செல்வி. விடு தாயி."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். உதட்டைக் கடித்திருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"உனக்கு வலிக்கும்லாம்மா" என்றாள்.

பிறகு அந்த நுனிக்காலிலேயே, யாரோடோ அடி பிசகாமல் சேர்ந்து வைக்கிற நடையில், பைய தெருவில் இறங்கினாள்.