நிரம்பியிருந்த மதகுத்தொட்டி

எங்கள் கால்வாயில் மதியம் பன்னிரண்டு மணி அடித்தால் உலகம் நின்றுவிடும். தொட்டியில் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் மேல் கால்வாய்க்கும் கீழ்க் கால்வாய்க்கும் நடுவே படகுகளை ஏற்றி இறக்குகிற மதகுக்காரர்கள் கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். படகில் விடுமுறைக்கு வந்தவர் மந்திரியாகவே இருந்தாலும் ஒரு மணிவரை காத்திருக்க வேண்டியதுதான். கத்தினாலும் கதவு திறக்காது.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. நாலேகாலுக்கு ஃபிர்மேன் பழோவின் விடுதிக்குள் ஒரு பெண் ஓடிவந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால்வரை சேறு.

"மார்ஷாந்தோன்னு ஒருத்தர் இருக்காராமே? பழைய போலீஸ்காரர்?"

அஷீல் மார்ஷாந்தோ ஜன்னலோரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஜாந்தர்மரி என்கிற நாட்டுப்புறப் போலீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃபிர்மேனின் அக்காள் கணவர். அக்காள் போய்ச் சேர்ந்த பிறகும் மச்சான் வீட்டுச் சாப்பாட்டை விடாதவர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. "என் பேரு ஓர்தான்ஸ். பாரிஸ்லேர்ந்து வரேன். என் தங்கச்சி சொலேனைக் காணோம் ஐயா. அவளும் புருஷன் ரெனோவும் வாடகைப் படகுல அஞ்சு நாளா சுத்தறாங்க. காலைல பதினொன்றரைக்குப் போன் பண்ணி, 'அக்கா, என்னை வந்து கூட்டிட்டுப் போ, இனி இவனோட முடியாது'ன்னு அழுதா. ரெண்டரைக்கு நான் வந்தா, அவன் சாவகாசமா ஒயின் குடிச்சிட்டிருக்கான். அவ பன்னிரண்டேகாலுக்கே சைக்கிள் எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டாளாம்!"

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"வளந்த பொம்பளை, புருஷனோட சண்டை, ரயிலேறிப் போயிட்டா, நாளைக்குப் போன் பண்ணுவாங்கறாங்க. கூட்டிட்டுப் போக நான் வரேன்னு தெரிஞ்சும் எதுக்கு ரயிலேறணும்? போன் அடிச்சா எடுக்கல. ஸ்டேஷன்ல அவளை யாரும் பாக்கல. கரைப்பாதைல மேலயும் கீழயும் கத்திக்கிட்டே ஓடிப் பாத்துட்டேன். யாருமே தேட மாட்டேங்கறாங்க ஐயா!" ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "இன்னும் ரெண்டு மணி நேரத்துல இருட்டிடும். ராத்திரி பனி கொட்டும். அவ உடம்புல ஒரு மெல்லிசு ஸ்வெட்டர்தான் இருக்கும்."

மார்ஷாந்தோ தொப்பியை எடுத்துக்கொண்டார். ஃபிர்மேன் அதற்கு முன்பே வாசலில் நின்றான். ஐம்பது வயதாகியும் கொலை, கொள்ளை என்று காதில் விழுந்தால் அடுப்பில் வைத்த குழம்பை மறந்துவிடுகிற ஆசாமி.

விடுதியிலிருந்து மதகு பத்து நிமிட நடை. ஓர்தான்ஸ் ஓடினாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள், மறுபடி ஓடினாள்.

மதகுத்தொட்டியின் மேல்பக்கக் கதவுகள் இரண்டும் விரியத் திறந்திருந்தன. தண்ணீர் கல்விளிம்புவரை தளும்பியது. பழுத்த பாப்லார் இலைகள் கைக்கு எட்டும் உயரத்தில் மிதந்தன. மார்ஷாந்தோ அங்கே ஒரு கணம் நின்றுவிட்டு நடந்தார். நூறடி தள்ளி மேல்பக்கக் கரையில், புல்லில் அடித்த இரும்பு முளைகளில் கட்டி நின்றது வெள்ளை வாடகைப் படகு.

ரெனோ வெளியே வந்தான். ஐம்பது வயது, நேர்த்தியான சட்டை, சிவந்த கண்கள்.

"மறுபடி யாரைக் கூட்டிட்டு வந்திருக்க? உன் தங்கச்சி கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா. அதுக்கு ஊரையே கூட்டுவியா?"

"படகு எப்ப இங்க வந்துச்சு சார்?" என்று மார்ஷாந்தோ கேட்டார்.

"நேத்து சாயங்காலம். அதுலேர்ந்து ஒரு அடி நகரல. மதகுக்காரரையே கேளுங்க."

மார்ஷாந்தோ தலையாட்டினார். பேசிக்கொண்டே, முளையில் கட்டியிருந்த கயிற்றின் நுனியைக் கையில் எடுத்து விரல்களால் தேய்த்தார். விரல் வெள்ளையாகிவிட்டது. அதைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, நன்றி சொல்லித் திரும்பினார். ஓர்தான்ஸ் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இவ்வளவுதானா? அவனை உலுக்கிக் கேளுங்க ஐயா!"

"உலுக்கினா பொய்தான்மா கொட்டும். வாங்க."

மதகுக்காரன் கோந்த்ரான் தன் குடிசையில் படகு வரவு எழுதும் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் தேவைக்கு மேல் சிரித்தான்.

"வாங்கண்ணே! அந்தப் படகா? ராத்திரிலேர்ந்து அங்கயேதான் நிக்குது. நல்ல மனுசன்ண்ணே. நேத்து அவரே இறங்கி வந்து கதவைத் தள்ளி, தண்ணி திறக்கிற கைப்பிடியைச் சுத்தி, எனக்கு வேலையே வைக்கல. அஞ்சு நாள்ல எல்லாம் கத்துக்கிட்டாரு."

"மத்தியானத்துக்கு முன்னாடி கடைசியா யாரு போனா?"

"ஓட்டல் படகு. பதினொன்னு அம்பதுக்குக் கீழ இறக்கி விட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டேன். கடுகு போட்ட முயல் கறி. ஒரு மணிக்குத் திரும்பி வந்தேன். அதுலேர்ந்து இதுவரைக்கும் ஈ காக்கா இல்ல."

"சுத்தற கைப்பிடியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியா?"

கோந்த்ரான் பலகையை மறுபடி துடைத்தான். "பின்னே? அதுதானே சட்டம்."

வெளியே வந்ததும் ஃபிர்மேன் மச்சானின் காதில் கிசுகிசுத்தான். "இவன்தான்! முழிக்கிற முழியைப் பாத்தியா? திருட்டு முழி!"

"திருட்டு முழிதான். ஆனா திருடினவன் முழியில்ல, தூங்கிட்ட காவக்காரன் முழி. நீ மேல இருக்கிற அடுத்த மதகுக்காரிக்குப் போன் போடு. இன்னைக்கு யாராவது அங்க வந்தாங்களான்னு கேளு."

ஃபிர்மேன் பேசிவிட்டு வந்தான். "ஒன்பது மணிக்கு ஓட்டல் படகு இறங்கிச்சாம். அதுக்கப்புறம் மேலேர்ந்தும் கீழேர்ந்தும் ஒரு படகும் வரல. பின்னிட்டே இருக்காளாம், ரெண்டு சாக்ஸ் முடிஞ்சுதாம்."

மார்ஷாந்தோவின் முகம் மாறவில்லை; நடை மட்டும் மாறியது. கோந்த்ரானை வெளியே அழைத்தார். ரெனோவை அழைத்துவர ஃபிர்மேனை அனுப்பினார். தொட்டியின் விளிம்பில் எல்லோரும் நின்றார்கள். சூரியன் பாப்லார் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

"நேரமில்ல, சுருக்கமாச் சொல்றேன். கோந்த்ரான், ஓட்டல் படகைக் கீழ இறக்கினியே, அது வெளிய போனப்புறம் தொட்டில தண்ணி எங்க இருக்கும்?"

"கீழதாண்ணே. கீழ்க் கால்வாய் மட்டத்துக்கு. தொட்டி காலியா..." கோந்த்ரான் பாதியில் நிறுத்திவிட்டான். அவன் கண் தளும்பும் தண்ணீருக்குப் போனது.

"அதுக்கப்புறம் ஒரு படகும் போகல. இப்ப பாரு. நிறைஞ்சு கிடக்கு. மேல் கதவு திறந்து கிடக்கு."

"கதவு ஒழுகி நிரம்பியிருக்கும்," என்று ரெனோ சொன்னான்.

"ஒழுகி நிரம்பலாம். கதவு தானாத் திறந்துக்குமா சார்? கடைசியாப் போன படகு கீழ போயிருந்தா தொட்டி காலியா இருக்கும். மேல வந்திருந்தா நிறைஞ்சிருக்கும். நீங்க அஞ்சு நாளாக் கைப்பிடி சுத்தக் கத்துக்கிட்டீங்க. ஆனா விட்டுட்டுப் போன தொட்டியைத் திரும்பிப் பாக்கக் கத்துக்கல. உங்களுக்கு அது தாண்டிப் போற ஒரு கதவு, அவ்வளவுதான். எங்க ஊர்ல சின்னப் பிள்ளைகூட அதைப் பாத்துட்டு, யார் எந்தப் பக்கம் போனாங்கன்னு சொல்லிடும்."

கோந்த்ரான் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு மணிக்கு வந்தப்பவே பாத்தேன்ண்ணே. கைப்பிடியைக் கதவுலயே விட்டுட்டுப் போயிட்டேன். மேலதிகாரிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். யாரோ விளையாட்டுக்குப் பண்ணதுன்னு நினைச்சேன்."

"பாவி!" என்றாள் ஓர்தான்ஸ். "ரெண்டரை மணிக்கு உன்கிட்டதானே முதல்ல வந்து அழுதேன்!"

அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நியாயம்தான், எங்களாலும் அன்று முதல் அவனைச் சரியாகப் பார்க்க முடிவதில்லை.

"சாப்பாட்டு நேரத்துல ஒரு படகு மேல வந்திருக்கு," என்று மார்ஷாந்தோ தொடர்ந்தார். "மேல் மதகுக்கு எதுவும் போய்ச் சேரல. ரெண்டு மதகுக்கும் நடுவுல நிக்கிறது உங்க படகு ஒண்ணுதான். ஆக, நீங்க கீழ இறங்கிட்டு மறுபடி மேல வந்திருக்கீங்க. இறங்க, ஏற, தொட்டியை நிரப்ப, காலி பண்ண முப்பத்தஞ்சு நிமிஷம். ஒரு மணி நேரத்துல மீதி இருபத்தஞ்சு. போக, வர, கட்டி அவிழ்க்க. இந்தப் படகு மனுசன் வேகமா நடக்கிற வேகத்துக்கு மேல போகாது. அப்படின்னா, ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் போயிருக்கணும்."

"அந்தப் பக்கம் நான் ஓடிப் பாத்தேனே! ஒண்ணுமில்லையே!" என்று ஓர்தான்ஸ் அலறினாள்.

"நீங்க கரைப்பாதைல ஓடினீங்கம்மா. கரைப்பாதை இடது பக்கம். நடந்து போற இடத்துக்கு எதுக்குப் படகு? வலது கரை பூரா பாறையும் முள்ளும். தண்ணில மட்டும்தான் போக முடியும். அங்க படகு கட்ட ஒரே ஒரு இரும்பு வளையம் இருக்கு. பழைய சுண்ணாம்புக் காளவாய்க்குப் பக்கத்துல. படகு ஒரு அடி நகரலன்னு சொன்னீங்களே சார், புல்லுலயே கிடந்த கயித்துல எப்படிச் சுண்ணாம்பு ஒட்டிச்சு?"

ரெனோ அவர் விரல்களையே பார்த்தான். அப்புறம் அந்த நேர்த்தியான சட்டையோடு புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் அடிக்கல. பிடிச்சு நிறுத்தத்தான் பாத்தேன். பையை எடுத்துக்கிட்டுப் படியேறினா. இழுத்தேன். பின்னால விழுந்துட்டா. தலை இரும்புல பட்டு... அவ செத்துட்டா. இனிமே ஓடி என்ன பிரயோஜனம்? அவ மத்தியானமே செத்துட்டா."

ஓர்தான்ஸ் வாயைத் திறந்தபடி நின்றாள். அதைப் பார்க்க முடியாமல் ஃபிர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மார்ஷாந்தோ ரெனோவின் முன் குனிந்தார். "நாடி பிடிச்சுப் பாத்தியா?"

"என்னது?"

"கழுத்துல கை வெச்சுப் பாத்தியாடா?"

ரெனோ யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "இல்ல," என்றான். "ரத்தம் வந்துச்சு. தொடப் பயமா இருந்துச்சு. போர்வையில சுத்தித்தான் தூக்கினேன்."

மார்ஷாந்தோ அவனை விட்டு எழுந்தார். "கோந்த்ரான், படகு!"

பாசி வாரும் தட்டைப் படகு மதகின் கீழ்ப்பக்கம் கிடந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு ரெனோவுக்குக் காவலாக ஃபிர்மேன் நின்றுகொண்டான்; வாழ்நாளில் முதல் தடவையாக, கூட வருகிறேன் என்று அடம்பிடிக்கவில்லை. மோட்டார் மூன்றாவது இழுப்பில்தான் உயிர்பெற்றது. அதற்குள் ஓர்தான்ஸ் துடுப்பை எடுத்துத் தண்ணீரை அடிக்க ஆரம்பித்திருந்தாள். அந்த ஒரு கிலோமீட்டர் முடியவே முடியாது போலிருந்தது. "வேகமா, வேகமா" என்று அவள் யாரிடம் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

காளவாய் முள்ளுக்குள் மறைந்து கிடந்தது. அதன் வாய்க்குக் குறுக்கே ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. மார்ஷாந்தோ அதைத் தூக்கி எறிந்துவிட்டு டார்ச்சை அடித்தார். நீலப் போர்வை. போர்வை கிடந்த இடத்துக்கும் அவள் கிடந்த இடத்துக்கும் நடுவில் ஒரு கஜ தூரம் வெள்ளைத் தூளில் விரல்கள் பிறாண்டிய தடம் இருந்தது. ஊர்ந்திருக்கிறாள்.

ஓர்தான்ஸ் கையைப் பிடித்தாள். "ஜில்லுனு இருக்கு," என்றாள். "ஜில்லுனு இருக்கு ஐயா."

கோந்த்ரான் தொப்பியைக் கழற்றிவிட்டான். மார்ஷாந்தோ மண்டியிட்டு, சொலேனின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்தார். வைத்தபடி இருந்தார். வெகுநேரம் இருந்தார்.

"தொப்பியைப் போடுடா," என்றார். "இருக்கு. நூல் மாதிரி ஓடுது. கோட்டைக் கழற்று, எல்லாத்தையும் கழற்று, அவ மேல போடு!"

மூன்று பேருடைய கோட்டுகளும் அவள் மேல் விழுந்தன. ஓர்தான்ஸ் தங்கையை மடியில் போட்டு, கன்னத்தைத் தேய்த்து, மூச்சை ஊதி, பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். கரைப்பாதையில் ஆம்புலன்ஸ் விளக்கு தெரிந்தபோது சொலேனின் இமை அசைந்தது.

"அக்கா?"

"நான்தாண்டி. பேசாதே. நான் இருக்கேன்."

"என்னாச்சு? படகு எதுலயாவது மோதிடுச்சா?" ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல."

"அப்புறம் சொல்றேன்."

சொலேன் வெள்ளை படிந்த விரல்களால் அக்காளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் பயம் வந்தது.

"ரெனோ எங்க? அவனுக்கு ஒண்ணும் ஆகலையே? என்னைக் காணோம்னு தேடிட்டிருப்பான் அக்கா. அவன் ரொம்பப் பயப்படுவான். நான் நல்லாயிருக்கேன்னு யாராவது போய்ச் சொல்லுங்களேன்."

மார்ஷாந்தோ டார்ச்சை அணைத்துவிட்டார். ஓர்தான்ஸ் தங்கையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

"சொல்லிடறேன்டி," என்றாள். "நீ உயிரோட இருக்கேன்னு நானே போய்ச் சொல்றேன்."