பின்சீட்டுக்காரன்: முதல் இதழ்

காமிக்ஸுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதையைப் படிக்கும் முன்பே படத்தில் குற்றம் தேடுவார்கள். திண்டிவனத்தில் இருந்துகொண்டு மாத இதழ் ஒன்றுக்கு எழுதிவந்த கலைமதியும் அந்த ரகம்தான்.

‘பின்சீட்டுக்காரன்’ முதல் இதழ் அவள் பெயருக்கே தபாலில் வந்தது. நெடுஞ்சாலையில் ஆளை அடித்துவிட்டு நிற்காமல் ஓடும் கார்களின் பின்சீட்டில், செத்துப்போனவன் ஒருவன் வந்து உட்காருவான். கழுத்தை நெரிக்க மாட்டான், ரத்தம் குடிக்க மாட்டான். “ஆஸ்பத்திரி போலாண்ணா” என்று கெஞ்சுவான். ஓட்டுகிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும் வரை கெஞ்சிக்கொண்டே இருப்பான்.

கதை அருமை என்று எழுதிவிட்டு, வழக்கம்போலக் குறையையும் சேர்த்தாள்: ‘நாயகனின் வெள்ளைச் சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் எல்லாப் பக்கத்திலும் சிவப்பு. வண்ணம் பூசியவரின் கவனக்குறைவு.’

எழுதிய கை அப்படியே நின்றது.

அந்தப் பொத்தானைத் தைத்தவள் அவள்தான். வீட்டில் வெள்ளைப் பொத்தான் இல்லையென்று, வேலைக்குக் கிளம்பிய தம்பி இனியவனின் சட்டையில் அவசரத்துக்குத் தைத்தாள். அன்றைக்குத்தான் விக்கிரவாண்டி தாண்டி அவனை ஏதோ வண்டி அடித்துப் போட்டது. அவனைச் சாகடித்தது எந்த வண்டி என்று ஒரு வருஷமாகத் தெரியவில்லை.

மறுநாள் மதியம், தபால் உறையில் இருந்த விலாசத்தைப் பிடித்து விழுப்புரத்தில், அந்தக் காமிக்ஸை வரைந்த ஓவியன் சகாயராஜ் வீட்டு வாசலில் நின்றாள். பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திய கார். டயர்களைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. கொளுத்தும் வெயிலிலும் அதிலிருந்து பச்சை ரத்த வாடை வந்தது.

கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலை முழுக்க நரை.

“அந்தச் செவப்பு பொத்தான் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் பொய் சொல்லவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நான்தாங்க்கா அடிச்சேன். தூக்கிப் பின்சீட்ல படுக்க வச்சேன். அந்தப் பொத்தானத் தொட்டுக்கினே வந்துச்சு தம்பி. அக்கா தச்சதுன்னுச்சு. திண்டிவனம், காமிக்ஸ் பத்தி எழுதும்னுச்சு. கேஸாயிடும்னு பயந்து, பாதி வழியிலேயே எறக்கி விட்டுட்டேன்.”

“உயிர் இருந்திச்சா?”

“இருந்திச்சுக்கா. உங்ககிட்ட வாயால சொல்ல எனக்குத் தெம்பில்ல. அதான் வரைஞ்சு அனுப்புனேன்.”

அவனை அறைய ஓங்கிய கை, தன் வாயையே பொத்திக்கொண்டது. அழுது ஓய்ந்ததும் காரைப் பார்த்தாள்.

“சாவி எடுங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“அதுல பேட்டரியே இல்லக்கா. தம்பி பின்சீட்ல கெஞ்சுறத கேக்க முடியாம கழட்டிப் போட்டுட்டேன்.”

“எடுங்க.”

தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறினாள். சீட் ஈரமாக இருந்தது.

“இனியா, அக்கா வந்துட்டேன்டா.”



சகாயராஜ் முன்னால் உட்கார்ந்தான். சாவியைப் போடாமல் கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்தான்.

அவள் மடியில் மெல்ல ஒரு தலையின் கனம் இறங்கியது. பழகிய கனம். காய்ச்சலில் அவன் படுக்கிற மாதிரியே.

“அண்ணா, எங்க அக்கா வந்துடுச்சு. இப்பயாவது போலாண்ணா.”

சாவி இன்னும் சகாயராஜின் கையில்தான் இருந்தது. கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.