சிரிக்காத சம்பந்தி

"சாயங்காலம் கல்யாணம்! பொண்ணைப் பெத்தவ காலங்காத்தால எங்கடி கிளம்பிட்டே?"

மாமியாரின் குரல் கூடத்தைத் தாண்டி வாசல்வரை துரத்தி வந்தது.

"இதோ வந்துடறேன் அத்தே..." என்று கையால் வாயை மறைத்தபடி சொல்லிவிட்டு, அவள் படியிறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

வாயை மறைப்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோல் பழகிப்போயிருந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று குறுக்காக உடைந்து பாதியாக நின்றது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா, "உங்கம்மாவுக்கு எங்களைப் பிடிக்கலையா? முகத்துல ஒரு சிரிப்பு இல்லையே" என்று கேட்டுவிட, நேற்று மகள் வெடித்துவிட்டாள்.

"நானே பார்த்துக்கிட்ட மாப்பிள்ளைன்னுதானேம்மா உனக்குக் கோவம்? ஒரு தடவை... ஒரே ஒரு தடவை அவங்களைப் பார்த்துச் சிரிச்சா குறைஞ்சா போயிடுவே?"

அந்தக் கேள்விதான் அவளை இன்று பல் டாக்டரம்மாவின் நாற்காலியில் உட்கார வைத்தது.

"பயப்படாதீங்க. ஊசி கிடையாது, வலி கிடையாது. பல் நிறத்துலயே ஒரு பசை இருக்கு. உடைஞ்ச இடத்துல ஒட்டி, வடிவம் கொண்டுவந்து, வெளிச்சம் காட்டினா இறுகிடும். ஒரே தடவையில முடிஞ்சுடும்."

டாக்டரம்மா குட்டிக் குட்டி மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவள் பல்லோடு வைத்து நிறம் பார்த்தார். உதட்டை விலக்கிப் பிடிக்க ஒரு வளையத்தை மாட்டினார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் சிறுமியைப்போல அவள் நாற்காலிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

பசை பாதி ஏறியிருக்கும். கதவு படாரென்று திறந்தது. மகள்! தலை பாதிதான் பின்னியிருந்தது. ஒரு காதில் மட்டும் தோடு.

"தெருவெல்லாம் தேடறேன்... இங்க வாசல்ல உன் செருப்பு கிடக்கு! இன்னைக்குக்கூட வீட்ல இருக்கப் பிடிக்கலையா உனக்கு? எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க! சொல்லும்மா... வாயைத் திறந்து சொல்லு!"

"ஆ... ஆ..." என்றாள் தாய். வாய் திறந்துதான் இருந்தது, பேசத்தான் வழியில்லை. கண்ணீர் மட்டும் காதோரமாக வழிந்தது.

"அசையாதீங்க!" என்று அதட்டிய டாக்டரம்மா மகள் பக்கம் திரும்பினார். "நீ கொஞ்சம் வாயை மூடும்மா. இங்க வாயைத் திறக்க வேண்டியது இவங்க மட்டும்தான். சம்பந்தியைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கணும்னு வந்திருக்காங்க. உன் பல்லுக்குக் கம்பி போட்டப்பவே இதைச் சரி பண்ணிடலாம்னு சொன்னேன். மொதல்ல குழந்தைக்கு ஆகட்டும்னுட்டாங்க. இத்தனைக்கும் இதை உடைச்சதே நீதான்!"

"நானா? குளியலறையில வழுக்கி விழுந்ததா சொன்னாங்களே..."

"கைக்குழந்தையா மடியில துள்ளினியாம். உன் மண்டை வந்து இடிச்சுதாம்."

மகள் சுவரோடு சாய்ந்துவிட்டாள். நீல வெளிச்சம் பல்லின்மேல் விழுந்தது. டாக்டரம்மா தேய்த்து, மெருகேற்றி, வளையத்தைக் கழற்றினார்.

"ஏம்மா பொய் சொன்னே?" என்றாள் மகள்.

"பச்சைக் குழந்தை தெரியாம இடிச்சதுக்கு அதுமேல பழி போடணுமாடி? நீ ஒவ்வொரு தடவை என் முகத்தைப் பார்க்கறப்பவும் 'என்னாலதானே'ன்னு நினைச்சுக் கலங்குவே. அது எனக்கு வேண்டாம்னு இருந்துச்சு..."

"அம்மா!" மகள் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். "உன்னைப் போய்... நேத்து என்னென்ன பேசிட்டேன்! அடிம்மா என்னை!"

"அட, விடுடி, புதுப் பல்லு! மறுபடியும் இடிச்சுடாதே!"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழக்க தோஷத்தில் கை வாய்க்குப் போயிற்று. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை.

அன்று மாலை மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா காரிலிருந்து இறங்கினாள். பெண்ணின் தாய் அவள் முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் நீட்டி, பற்கள் பளிச்சிடச் சிரித்தாள்.

"வாங்க சம்பந்தி, வாங்க!"

வந்தவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவளும் சிரித்து, நீட்டிய கைகளுக்குள் வந்து கட்டிக்கொண்டாள்.

"சம்பந்தி... இவ்வளவு அழகாச் சிரிப்பீங்களா நீங்க!"

பின்னால் நின்ற மாமியார் பக்கத்திலிருந்தவளின் விலாவில் இடித்தாள். "பார்த்தியா... என் மருமக!"