அடிச்சூடு

பெட்டியின் மூடியில் ஒரு நத்தைகூட இல்லை.

விடிந்தால் ஏழும் மேலேதான் இருக்கும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, மூடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வீட்டு வாடகையைத் தாங்களே கொடுப்பதுபோல ஒரு தோரணையில் கொம்பை நீட்டும். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த பிரபாகரன் ஈர ரெயின்கோட்டைக் கதவில் மாட்டிவிட்டு, வழக்கம்போல அவற்றை முறைக்கத் திரும்பினான். முறைக்க ஆள் இல்லை. நேற்று வைத்த வெள்ளரித் துண்டு தொடப்படாமல் சுருண்டு கிடந்தது. எப்போதும் ஈரமாக இருக்கும் மண், மேலே கோடு கோடாக வெடித்திருந்தது.

அவை அவன் மனைவி பூர்ணிமாவின் நத்தைகள். புதுச்சேரியில் ஒரு கடையில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வெயிலுக்குப் பேர்போன விருத்தாசலத்தில் நத்தைக்கு ஹீட்டர் போட்ட ஒரே வீடு இதுதான் என்று தெருவே சிரித்தது. மார்கழிப் பனியும் விடாத மழையும் சேர்ந்தால் அவை ஓட்டுக்குள் சுருங்கிச் சாப்பிடாமல் கிடக்கும் என்று கடைக்காரன் சொன்னானாம். கறுப்பாக, காலண்டர் அட்டை அளவில் ஒரு சூடு ஷீட்டும் அதற்கு ஒரு தெர்மோஸ்டாட்டும் வாங்கி, பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டினாள். சூட்டை அளக்கும் சென்சார் ஒயரையும் அதே பக்கத்தில் வைத்தாள்.

ஆடி மாசம் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. அதற்குப் பிறகு வந்தவைதான் இந்த நத்தைகள். பிரபாகரனுக்கு அவற்றைப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் சாப்பாட்டில் உப்பு இல்லையென்று ஆரம்பித்த சண்டையில், "புள்ளைய வெச்சிக்கத் துப்பு இல்லாதவளுக்கு நத்த என்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டான். பூர்ணிமா அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

வாசலில் நின்று சொன்னாள்: "இதுங்களப் பாத்துக்குங்க. ஒரு உசுரையாவது ஒங்களால பாத்துக்க முடியுதான்னு பாக்கறேன். முடிஞ்சுதுன்னா வரேன். ஷீட்ட மட்டும் அடியில வெச்சிடாதீங்க. சூடு தாங்கலன்னா மண்ணுக்குள்ளதாங்க போவும் அதுங்க."

சூட்டைப் பற்றி அவனுக்கே பாடமா? பிரபாகரன் பீங்கான் யூனிட்டில் சூளை ஃபோர்மேன். இன்னும் சுடாத பச்சைச் சாமான்களைக் காய வைக்கும் கொட்டகையில் தரைக்கு அடியில்தான் சூடு ஓடும். கீழிருந்து ஏறும் சூடுதான் எங்கும் ஒரே மாதிரி பரவும், பக்கத்திலிருந்து வந்தால் சாமான் ஒருபக்கமாகக் காய்ந்து கோணிக்கொள்ளும். அது அவன் கை படித்த பாடம். அதனால், நேற்று ஈரத்தில் பசை விட்டு ஷீட் கழன்று விழுந்தபோது, அவன் யோசிக்கவே இல்லை. சூளைக்குள் சாமான் அடுக்கும் கல்பலகை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, அதன்மேல் ஷீட்டை விரித்து, அதன்மேல் பெட்டியைத் தூக்கி வைத்தான். வேலை சுத்தமாக இருந்தது. சென்சார் ஒயர் மட்டும் பெட்டிக்குப் பின்னால், மழைக்காற்றில் தொங்கியது. அந்தக் காற்றின் குளிரை அளந்து, இன்னும் சூடு வேண்டும் என்று தெர்மோஸ்டாட் ராத்திரி முழுக்க நிறுத்தாமல் கொடுத்திருக்கிறது.

மண்ணுக்குள் கை விட்டான். ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே சூடு பொறுக்க முடியவில்லை.

ஏழும் அடியில் இருந்தன. ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, ஓட்டின் வாயைக் கொதிக்கும் கண்ணாடியோடு அழுத்திக்கொண்டு இருந்தன. சதை வெந்து வெளுத்திருந்தது. தோண்டிய தடம் மண்ணில் அப்படியே தெரிந்தது. சுட்டிருக்கிறது, கீழே போயிருக்கின்றன. இன்னும் சுட்டிருக்கிறது, இன்னும் கீழே போயிருக்கின்றன. ஒரு சாண் மேலே குளிர்ந்த காற்றும், கிண்ணத்தில் தண்ணீரும் இருந்தன. அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். "மேல ஏறி வரத் தெரியாதா, சனியனுங்களா!" என்று வாய்விட்டுக் கத்தினான். அப்புறம் பயம் வந்தது. பூர்ணிமா இனி வரமாட்டாள்.

பிளக்கைப் பிடுங்கினான். ஏழையும் பழைய பேப்பரில் சுருட்டி, பின்னாலிருந்த காலிமனையில், உடைந்த கப்பும் சாசரும் கொட்டிக் கிடக்கும் குப்பைமேட்டில் எறிந்தான். மண்ணையும் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தான். சோப்புப் போட்டுப் போட்டுக் கையைத் தேய்த்தும் வேகவைத்த கிளிஞ்சல் வாடை போகவில்லை.

மத்தியானம் தூங்கி எழுந்தபோது வானம் இருண்டு மழை வலுத்திருந்தது. கரண்ட் இல்லை. ஃபேன் இல்லாத அமைதியில் அந்தச் சத்தம் கேட்டது. தேய்கிற சத்தம். உப்புத்தாளால் யாரோ மெதுவாக, அவசரமே இல்லாமல் தேய்ப்பதுபோல. அது அவனுக்குத் தெரிந்த சத்தம்தான். பூர்ணிமா போன பிறகு வீடு வெறிச்சோடிக் கிடந்த பொழுதுகளில், நத்தைகள் வெள்ளரியைச் சுரண்டித் தின்னும்போது கேட்டிருக்கிறான். எழுந்து போய்ப் பார்த்தான். பெட்டி கவிழ்ந்தே இருந்தது.

போன் அடித்தது. பூர்ணிமா. போனதிலிருந்து அவளாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"சாப்டீங்களா?" என்றாள்.

"ம். நீ?"

"ஆச்சு. அதுங்க எப்பிடி இருக்குது?"

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தான். அதற்குள் அவள், "இருங்க இருங்க, சத்தம் கேக்குது. சாப்புடுதுங்களா?" என்றாள். அவள் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. ஆடிக்கு முன்னால் கேட்ட சிரிப்பு.

பிரபாகரன் காலிப் பெட்டியைப் பார்த்தான். சத்தம் நிற்கவில்லை.

"ஆமாம்மா," என்றான். "சாப்புடுது."

"நல்லா பாத்துக்கிட்டுதான் இருக்கீங்க." "அம்மா கூட போவச் சொன்னாங்க. சாயங்கால பஸ்ஸுக்கு வரேங்க. நம்ம வூட்டுக்கு."

போனை வைத்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வருகிறாள். இதற்காகத்தானே இத்தனை நாள் கிடந்து தவித்தான். வந்து பெட்டியைப் பார்ப்பாள். சொல்லிவிடலாம், காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று திரும்பக் கூப்பிட்டான். லைன் கிடைக்கவில்லை.

அப்போதுதான் கால் சுட்டது.

மேஜைக்குக் கீழே ஒரே ஒரு டைல்ஸ். மழைக்காலத்தில் ஐஸ் மாதிரி இருக்க வேண்டிய தரை, சாதம் வடித்த பாத்திரத்தின் அடிபோலக் கதகதப்பாக இருந்தது. குனிந்து உள்ளங்கையை வைத்தான். அடியில் எந்த ஒயரும் இல்லை. கரண்டும் இல்லை. பிடுங்கிய பிளக் தரையில்தான் கிடந்தது. பக்கத்து டைல்ஸைத் தொட்டான். அதுவும். அதற்கடுத்ததும். சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை என்பது காது தரைக்குக் கிட்டே வந்தபோது தெரிந்தது.

கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டுப் பாஞ்சாலை, குடையோடு நின்றாள்.

"என்னாப்பா, ஒன் வூட்லேந்து என்னமோ வேவுற வாட வருது? தெருவே நாறுது."

"ஒண்ணுமில்லக்கா."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நிலைப்படியில் ஒரு காலை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். முகம் மாறியது. தண்ணீரில் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

போகலாம். கதவு திறந்தே இருந்தது. வாசலில் மழை, குளிர்ந்த சாரல், ஜங்ஷன் பக்கம் ரயில் ஊதும் சத்தம். எல்லாம் நாலு எட்டில் இருந்தன. பிரபாகரன் ஒரு கால் எடுத்து வைத்தான். சுட்டது. சூடு பாதத்திலிருந்து முழங்காலுக்கும் முழங்காலிலிருந்து வயிற்றுக்கும் ஏறியது. கொட்டகைத் தரையில் வருவதுபோலவே, ஒரே மாதிரி, சமமாக. சுவர்கள் வேர்த்து வழிந்தன. தொண்டை வறண்டது. அந்த நேரத்தில், யாரும் சொல்லாமலே, அவனுக்கு ஒன்று தோன்றியது.

கீழே குளிர்ச்சியாக இருக்கும்.

பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. சூடு கீழிருந்துதான் வருகிறது. அவன் சூளைக்காரன், அவனுக்குத் தெரியாதா? வெளியே போ. கதவு. மழை. காலுக்குக் கட்டளை போட்டான். கால் மடங்கியது. முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஸ்க்ரூடிரைவர் எப்போது வந்தது? டைல்ஸின் இடுக்கில் விட்டு நெம்பினான். பெயர்ந்தது. சிமென்டைக் குத்தினான். கொத்துக் கொத்தாகப் பெயர்ந்தது. அடியில் ஈரமான களிமண்.

குளிர்ச்சி.

அப்பாடா என்று இருந்தது. இரண்டு கையையும் உள்ளே விட்டான். விரல் ஆழம்வரை குளிர்ச்சி. அதற்குக் கீழே சுட்டது. அப்படியென்றால் இன்னும் கீழே. தோண்டினான். சுட்டது. இன்னும் கீழே. நகம் ஒன்று மண்ணோடு போனது. வலித்தது. நிறுத்து. நிறுத்த முடியவில்லை. கை தானாகப் போனது. வெந்த வாடை அடித்தது. மண்ணிலிருந்து வருகிறது என்று நினைத்தான். மண்ணிலிருந்து இல்லை. உள்ளங்கையிலிருந்து.

இருட்டிவிட்டது. குழி இடுப்பளவு இருந்தது. அவன் அதற்குள் குப்புறக் கிடந்தான். தேய்க்கிற சத்தம் இப்போது கன்னத்துக்கு அருகில், மண்ணுக்கு அந்தப் பக்கம்.

தெருவில் ஆட்டோ நின்றது.

"ஏங்க, கரண்டு இல்லியா?"

பூர்ணிமா. வராதே என்று கத்தினான். வாயில் மண் இருந்தது. மூச்சுதான் வந்தது. போனின் வெளிச்சம் சுவரில் ஆடி, கவிழ்ந்த பெட்டியில் நின்று, பிறகு அவன்மேல் விழுந்தது.

"என்னாங்க இது... அதுங்க எங்க? என்னாங்க பண்ணீங்க?"

தலையைத் திருப்பினான். கண்ணால் கதவைக் காட்டினான். போ. போயிடும்மா. நத்தை செத்துப்போச்சு, நான்தான் கொன்னுட்டேன், என் மூஞ்சியில காறித் துப்பிட்டுப் போயிடு. அவள் பையைப் போட்டுவிட்டு அவனை நோக்கி ஓடிவந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். வெறும் பாதம் டைல்ஸில் பட்டதும் நின்றாள்.

"அம்மா! சுடுதுங்க."

போ.

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். மழைச்சாரல் அவள் முகத்தில் அடித்தது. ஒரு எட்டு. ஒரே ஒரு எட்டு வைத்தால் போதும். பிரபாகரன் பிறந்ததிலிருந்து எதையும் அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

பூர்ணிமா மெதுவாக முட்டி போட்டாள். போனைக் கீழே வைத்தாள். வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டாள். குழிக்குள், அவன் பக்கத்தில், இடம் பார்த்து இறங்கினாள்.

"பயப்படாதீங்க," என்றாள். அவ்வளவு ஆசையாக அவள் அவனிடம் பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது. "கீழ போயிட்டா சரியாப் போயிடும்."

வெந்து வெளுத்த அவன் கையைத் தாண்டி, அவள் கை மண்ணுக்குள் இறங்கியது.