படியாத விரல்

“ரேகை படிஞ்சிடுச்சுக்கா! மொத தடவையே படிஞ்சிடுச்சு!”

“சும்மா வெளாடாத தம்பி. எந்த மிசின்ல எனக்குப் படிஞ்சிருக்கு?”

“நீயே பாரு, பச்சை லைட்டு எரியுது. இன்னாக்கா, ஏரிக்கு லீவு வுட்டுட்டியா?”

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. ஏரிக்கு ஏது லீவு? அன்று விடியலிலும் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, அடிச்சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்துவிட்டுத்தான் பழவேற்காட்டுக்கு வந்திருந்தாள். பதினைந்து வருஷமாக உப்பும் சேறும் அவள் விரல் ரேகைகளைத் தின்று தீர்த்திருந்தன. ரேஷன் கடையில் மிசினுக்குக் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குவாள். வங்கியிலும் அப்படித்தான். இன்று ஸ்டீபனின் கணினிக் கடையில் மட்டும், தொட்டவுடன் பச்சை.

அவள் பேரில் யாரோ வங்கிக் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள் என்று போன வாரம் ஒரு போன் வந்தது. அதை விசாரிக்கத்தான் வந்தாள்.

ஸ்டீபனின் சிரிப்பு நின்றிருந்தது.

“அக்கா, ஒண்ணு இல்ல. நாலு கணக்கு கீது. எல்லாமே ரேகை வெச்சுத் தொறந்தது. இப்ப நீ வெச்சியே, அதே ரேகை.”

“எனக்குத்தான் ரேகையே இல்லியே தம்பி.”

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். முதல் கணக்கின் முகவரி மீஞ்சூர் ரயிலடி. படத்தில் இருந்தவளின் முகம், ஓடும் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போலக் கலங்கியிருந்தது. இரண்டாவது திருப்பாலைவனம். அதில் முகம் தெளிந்திருந்தது, செவ்வந்தி போட்டிருக்கும் அதே மூக்குத்தி இருந்தது. மூன்றாவது பழவேற்காடு கடைத்தெரு. மோவாயில் அவளை நண்டு கடித்த தழும்புகூட அந்தப் படத்தில் இருந்தது.

“மீஞ்சூர்லேர்ந்து பஸ்ஸு வர்ற வழியிலயே வருதுக்கா,” என்றான் ஸ்டீபன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

“நாலாவது?”

“இன்னைக்குத்தான். சாயங்காலம் நாலு மணிக்குத் தொறந்தது.”

படம் இன்னும் வரவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. முகவரி மட்டும் வந்திருந்தது. அவள் தெரு. அவள் கதவு எண்.

வீட்டில் மகள் ஐஸ்வர்யா தனியாக இருந்தாள். ஏழு வயது. கணவன் நீலமேகம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலையில் இருந்தான், விடிந்துதான் வருவான்.

ஷேர் ஆட்டோ செவ்வந்தியைத் திருப்பத்தில் இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து ஏரிக்கரையோரம் நடை. இருட்டுவதற்குச் சற்று முந்தைய நேரம். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கிடந்தன. காயும் கருவாட்டின் வாடையும் அழுகிய பாசியின் வாடையும் காற்றில்லாமல் அப்படியே நின்றன. இரண்டு மாதத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டில் சிம் கார்டு விற்றவனை நினைத்துக்கொண்டாள். சிம் வாங்கினால் பிளாஸ்டிக் பக்கெட் இலவசம் என்றான். மிசினில் அவள் விரல் படியவில்லை. “இதுல அழுத்துக்கா, தெளிவா வரும்” என்று ஒரு மெழுகு உருண்டையை நீட்டினான். பத்து விரலையும் அழுத்தினாள். மெழுகு சில்லென்று இருந்தது, விட மனமில்லாததுபோல விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அதை நினைத்துத்தான், போன் வந்த அன்றே மகளை உட்கார வைத்துச் சொல்லியிருந்தாள். “நான் இல்லாதப்ப யாரு அம்மான்னு சொல்லிக்கினு வந்தாலும் கதவத் தொறக்காத. சந்துல வெரல வுடச் சொல்லு. தடவிப் பாரு. கோடு இருந்தா அது அம்மா இல்ல.”

“உன் வெரலுதான் சோப்பு மாதிரி கீதே,” என்று ஐசு அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குழந்தை கெட்டிக்காரி. ஏமாற மாட்டாள்.

பாதையில் ஈரக் காலடிகள் தெரிந்தன. ஏரியிலிருந்து ஏறி, அவள் போகும் திசையிலேயே போயின. நின்று, ஒரு தடத்தின் மேல் தன் பாதத்தை வைத்துப் பார்த்தாள்.

சரியாக இருந்தது.

ஓடினாள்.

வீட்டில் விளக்கு எரிந்தது. பலகைக் கதவின் சந்தில் மஞ்சள் கோடாக வெளிச்சம். இறால் தொக்கு வாசனை. அவள் வைக்கும் பக்குவம். ஐசுவுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது.

“ஐசு.”

உள்ளே தட்டு ஓசை நின்றது.

“யாரு?”

“அம்மாடி.”

உள்ளே ஓடிவரும் கால் சத்தம். பிறகு, கதவுக்கு மிக அருகில், சின்னக் குரல்.

“வெரல வுடு.”

செவ்வந்திக்கு அழுகையே வந்துவிட்டது. மறக்கவில்லை, என் தங்கம். ஆள்காட்டி விரலைச் சந்தில் விட்டாள். சோற்றுப் பருக்கை ஒட்டிய சூடான குட்டி விரல்கள் அதைப் பிடித்தன. தடவின. திருப்பின. மறுபடி தடவின.

நின்றன.

“கோடு கீது.”

விரலை வெடுக்கென்று இழுத்துச் சந்து வெளிச்சத்தில் பிடித்தாள். கோடுகள். வளையத்துக்குள் வளையம், நின்ற தண்ணீரில் கல் விழுந்ததுபோல. புதுசு. ஆழம். அடுத்த விரலிலும். அதற்கடுத்ததிலும். பத்திலும்.

உள்ளே யாரோ எழுந்தார்கள். வளையல் சத்தம். அவள் கையில் கிடக்கும் அதே வளையல்களின் சத்தம்.

“யாரு பாப்பா, வெளிய?”

செவ்வந்தியின் அதே குரல்.

“யாரோம்மா. உன் வெரலு மாதிரி இல்ல. கோடு கீது.”

கதவின் மேல்தாழ்ப்பாள் விழுந்தது. ஐசுவுக்கு எட்டாத தாழ்ப்பாள்.

செவ்வந்தி விரலைத் திரும்பவும் சந்துக்குள் நுழைத்தாள்.

“ஐசு, இன்னொரு வாட்டி தொட்டுப் பாரும்மா.”